‘ஷிமோ-பி’ என்று ஒருவர்

2025 ஏப்ரலில், பாஃப்டா எனச் சுருக்கமாக அழைக்கப்படும் பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சிக் கலைக் கழகம், தன் விளையாட்டு விருது விழாவில் ஜப்பானிய இசையமைப்பாளர் யோக்கோ ஷிமோமுராவுக்கு ஃபெல்லோஷிப் வழங்கியது. அக்கழகத்தின் மிக உயரிய கௌரவம் அது. தகுதியானவருக்குக் கிடைத்த சிறப்பு; அதில் எங்களுக்கு மாற்றுக்கருத்தில்லை. எங்கள் வழக்கு அந்த விருதோடு அல்ல, அவரைப் போற்றுவதாக நினைத்துக்கொண்டு பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு கதையோடு. பியானோ படித்த பெண்ணொருவர் விளையாட்டு எந்திரங்களுக்குக் ‘கீச் கீச்’ இசை எழுதப் போகிறார், படிப்படியாக உயர்கிறார், இறுதியில் கோட்டும் சூட்டும் அணிந்த வாத்தியக்காரர்கள் மேடையில் அமர்ந்து அவர் இசையை வாசிக்கிறார்கள், அந்தக் கணத்தில் விளையாட்டு இசை ‘உண்மையான’ இசையாகிவிடுகிறது. சுபம்.

இந்த ஏணிக்கதை பொய் என்பது எங்கள் தரப்பு. பொய் மட்டுமல்ல, யாரைப் புகழ வந்ததோ அவருடைய ஆகச்சிறந்த வேலையையே அது ‘தொடக்கநிலை முயற்சி’ என்று ஓரங்கட்டிவிடுகிறது. ஒரு காலத்தில் நிறுவனங்கள் இப்படைப்பாளிகளின் பெயரை மறைத்தன. இன்று ரசிகர்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வேலையை மறைக்கிறார்கள். இரண்டும் ஒரே மறதியின் இரண்டு முகங்கள்.

வீடியோ விளையாட்டு என்றதும் ‘பிள்ளைகள் சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்டிவிடக்கூடிய சிற்றிதழ் நண்பர்கள் சற்றுப் பொறுக்கவும். இது ஆசிரியர் என்பவர் யார் என்ற கேள்வியும்தான். அக்கேள்வி உங்களுக்குப் புதிதல்ல.

ஷிமோமுரா 1967இல் ஹியோகோ மாநிலத்தில் பிறந்தவர். ஒசாகா இசைக் கல்லூரியில் பியானோவை முதன்மைப் பாடமாகக் கொண்டு 1988இல் பட்டம் பெற்றார். பியானோ ஆசிரியை ஆவதே திட்டம். ஆனால் காப்காம் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், வேலையும் கிடைத்தது. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இதில் வருத்தமே என்று பேட்டிகளில் அவரே சொல்லியிருக்கிறார். அவ்வளவு செலவழித்து இசைக் கல்லூரியில் படிக்கவைத்தது இதற்குத்தானா என்பது அவர்கள் கேள்வி. அன்று அது நியாயமான கேள்வியாகவே பட்டிருக்கும். அதே கேள்வியை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் வேறு சொற்களில் கேட்டுக்கொண்டிருப்பவர்களைத்தான் எங்களால் மன்னிக்க முடியவில்லை.

1991இல் வெளிவந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ அவரை நிலைநிறுத்திய ஆக்கம். சக ஊழியர் இசாவோ அபே எழுதிய சில துண்டுகளைத் தவிர அதன் இசை ஏறத்தாழ முழுக்க ஷிமோமுராவுடையது. அந்த இசை ஒலிக்கவேண்டியிருந்த இடத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடம். வரிசையாக எந்திரங்கள், ஒவ்வொன்றும் தன் பங்குக்கு அலறுகிறது. காசு விழும் சத்தம், பொத்தான்களைக் குத்தும் சத்தம், தோற்றவர்களின் வசவு. இந்த இரைச்சலுக்கு நடுவே, 99இலிருந்து இறங்கும் கடிகாரம் முடிவதற்குள், ஒரு மெட்டு தன்னை அறிவித்துக்கொண்டாக வேண்டும். ஆலாபனைக்கு அவகாசமில்லை. முதல் இரண்டு மூன்று வினாடிகளில் ‘இது அமெரிக்க விமானதளம், எதிரே நிற்பவன் கைல்’ என்று காது உணர வேண்டும்.

கருவியும் கஞ்சத்தனமானது. காப்காமின் அந்நாளைய பலகையில் யமஹா நிறுவனத்தின் ஒய்எம்2151 என்ற சில்லு இருந்தது. ஒரு அலையால் இன்னொரு அலையை நெளித்து ஒலியை உண்டாக்கும் முறை. ஒரே நேரத்தில் 8 குரல்கள். அதோடு பதிவுசெய்த ஒலித்துண்டுகளுக்கென 4 தடங்கள் கொண்ட இன்னொரு சில்லு. முரசொலியும் அதில்தான், குத்தும் உதையும் ‘ஹாடோகென்’ கூச்சலும் அதில்தான். வயலினுக்குச் சில நூற்றாண்டுகளாகத் திரண்டுவந்த ஒரு குரல் உண்டு. இந்தச் சில்லுக்கு அப்படி எதுவுமில்லை. எண்களைக் கூட்டிக் குறைத்து ஒவ்வொரு ஒலியின் நிறத்தையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கே மெட்டமைப்பதும் வாத்தியம் செய்வதும் ஏறக்குறைய ஒரே வேலை.

இன்னொரு நுட்பம். சண்டையில் ஒருவரின் உயிர்க்கோடு அபாய எல்லைக்குக் கீழே இறங்கியதும் அதே மெட்டு பரபரப்பான, வேகமான வடிவத்துக்குத் தாவுகிறது. எப்போது தாவும்? தெரியாது. எத்தனை முறை சுற்றிய பின் தாவும்? அதுவும் தெரியாது. ஆடுபவரின் விரல்கள்தாம் தீர்மானிக்கும். ஆக, தன் ஆக்கம் எங்கே வெட்டப்படும், எங்கே முடியும் என்பதறியாமல், எந்த இடத்தில் வெட்டினாலும் அர்த்தம் சிதையாதபடி எழுத வேண்டியிருக்கிறது. கச்சேரி மேடைக்கு எழுதுகிற எவருக்கும் இந்தச் சிக்கல் வந்ததில்லை. தொடக்கம், வளர்ச்சி, உச்சம், முடிவு என்ற நான்கு கால்களில் நிற்கும் இசையை மட்டுமே இசை என்பவர்கள், இதைக் ‘திரும்பத் திரும்ப ஒலிக்கும் துணுக்கு’ என்று ஒதுக்குகிறார்கள். ஆவர்த்தனம் ஆவர்த்தனமாகச் சுற்றிவரும் தாளத்தில் திளைக்கத் தெரிந்த காதுகளுக்கு, சுற்றிவருவது எப்படிக் குறையாகும் என்று விளங்கவில்லை.

எல்லாத் துண்டுகளும் சமமானவை என்று நாங்கள் வாதிடவில்லை. எட்டு நாயகர்களுள் ஒருவரான தால்சிம் இந்தியர்: கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, ரப்பராய் நீளும் கைகால்கள், பின்னணியில் வரிசையாக யானைகள். அவருக்கு வாய்த்த இசையும் அந்த யானைகளுக்கு ஏற்றதுதான். ‘கீழைத்தேயம்’ என்றால் இப்படித்தான் நெளியும் என்ற பொதுப்படையான கற்பனை. ஜப்பானும் கிழக்கில்தானே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுகிறது. கைலுக்கும் பிரேசிலின் பிளாங்காவுக்கும் கிடைத்த தனித்துவம் தால்சிமுக்குக் கிடைக்கவில்லை. இப்படி ஒன்றை நல்லது, ஒன்றைச் சுமார் என்று பிரித்துச் சொல்வதுதான் ஒரு படைப்பாளிக்குச் செய்யும் மரியாதை. மொத்தமாகத் தூக்கிக் கொண்டாடுவதும் மொத்தமாகப் புறக்கணிப்பதும் ஒருவகையில் கேளாமையே.

இனி பெயருக்கு வருவோம். கைலின் மெட்டு எந்தக் காட்சிக்கும் பொருந்தும் என்றொரு வேடிக்கை இணையத்தில் பல்லாண்டுகளாகச் சுற்றிவருகிறது. அதைப் பகிர்ந்து சிரித்தவர்களில் எத்தனை பேர் அதை எழுதியவரின் பெயரைச் சொல்வார்கள்? குற்றம் அவர்களுடையது மட்டுமல்ல. அவ்விளையாட்டின் பணியாளர் பட்டியலில் யோக்கோ ஷிமோமுரா என்ற பெயரே கிடையாது. ‘ஷிமோ-பி’ என்றுதான் இருக்கிறது. அபேயின் பெயர் ‘ஓயாஜி ஓயாஜி’. அதாவது ‘கிழவர் கிழவர்’. வடிவமைத்தவர்களுக்கும் ‘நின்-நின்’, ‘அகிமான்’ என்ற புனைபெயர்களே. திறமைசாலிகளைப் போட்டி நிறுவனங்கள் கொத்திக்கொண்டு போய்விடும் என்ற அச்சம் இதற்குச் சொல்லப்படும் காரணம். பொன் முட்டையிடும் வாத்துக்கு முகமூடி மாட்டிவைக்கும் ஏற்பாடு.

இது காப்காமின் தனிவழக்கமும் அல்ல, 1991இல் தொடங்கியதும் அல்ல. கொனாமியின் ‘காசில்வேனியா’வுக்கு (1986) இசையமைத்த கினுயோ யமஷிதா, அதன் இறுதிப் பட்டியலில் ‘ஜேம்ஸ் பனானா’ ஆக்கப்பட்டார். பழைய டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரை வைத்து ஒரு சிலேடை. காப்காமின் ‘மெகா மேன்’ (1987) இசையை எழுதிய மனாமி மட்சுமாயே, ‘சன்சகோரின் மனாமி’ என்று குறிக்கப்பட்டார். இசைத்தட்டுகளிலோ பல சமயம் தனிமனிதர்களே இல்லை: கொனாமிக்கு ‘குகேய்ஹா கிளப்’, டைட்டோவுக்கு ‘ஸுன்டாட்டா’, காப்காமுக்கு ‘ஆல்ஃப் லைலா’ என்று குழுப்பெயர்கள். வேடிக்கையான, இளமைத் துள்ளல் கொண்ட பெயர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் முகமூடிக்குப் பின்னால் இருந்தவர்களில் கணிசமானோர் பெண்கள் என்பதையும், ஜப்பானின் பிற இசைத்துறைகளில் இளம்பெண் இசையமைப்பாளர்களுக்கு இவ்வளவு எளிதாகக் கதவு திறக்காத காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வேடிக்கை சற்றுக் கசக்கிறது. கதவைத் திறந்த கையே பெயர்ப்பலகையைக் கழற்றி வைத்துக்கொண்டது.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1970ஆம் ஆண்டின் ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டம், 15ஆம் பிரிவு. நிறுவனத்தின் முன்முயற்சியில் ஊழியர் தன் கடமையின் பகுதியாக உருவாக்கி, நிறுவனத்தின் பெயரிலேயே வெளியாகும் படைப்புக்கு, ஒப்பந்தத்திலோ பணிவிதிகளிலோ வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, ‘ஆசிரியர்’ அந்த நிறுவனமே. உரிமையாளர் என்று சொல்லவில்லை, ஆசிரியர் என்றே சொல்கிறது. பணம் பெறும் உரிமை மட்டுமல்ல, படைப்பின்மீது தன் பெயரைப் பொறிக்கும் தார்மீக உரிமையும் நிறுவனத்திடம் போய்விடுகிறது. ஆசிரியரின் மரணத்தைப் பற்றிப் பாரிஸ் பேராசிரியர்களை மேற்கோள் காட்டிப் பக்கம் பக்கமாக எழுதினோமே, அதே காலத்தில் ஒசாகாவில் அது அலுவலக நடைமுறையாகவே இருந்திருக்கிறது.

‘விளையாட்டு என்பது கூட்டுப் படைப்பு, ஒருவர் பெயரைச் சொல்வது அநியாயம்’ என்றொரு எதிர்வாதம் உடனே வரும். சினிமாவும் கூட்டுப் படைப்புதான். ஒளிப்பதிவாளரின் பெயரைச் சொன்னால் இயக்குநர் சிறுத்துவிடுவதில்லை. கூட்டுப் படைப்பு என்ற வாதம் எல்லோருடைய பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். எவருடைய பெயரையும் எழுதாமல் விடுவதற்கு அது சாக்காக முடியாது.

1993இல் ஷிமோமுரா ஸ்கொயர் நிறுவனத்துக்கு மாறினார். செவ்வியல் சாயல் கொண்ட இசையை நீண்ட கதை விளையாட்டுகளுக்கு எழுதவேண்டும் என்பது அவர் ஆசை; காப்காமில் ஆர்கேட் பிரிவிலிருந்து வீட்டுக்கருவிப் பிரிவுக்கு மாற வழி கிடைக்கவில்லை. ஸ்கொயரில் அவர் முதலில் எடுத்துக்கொண்ட ‘லைவ் அ லைவ்’ (1994) எங்கள் கட்சியின் முதல் சாட்சி.

அது சூப்பர் ஃபாமிகாம் கருவிக்கான விளையாட்டு. அக்கருவியில் ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடியவை 8 தடங்கள். ஒலிக்கான நினைவகம் மொத்தம் 64 கிலோபைட். வாத்திய ஒலிகள், மெட்டுக் குறிப்புகள், அவற்றை இயக்கும் நிரல், எதிரொலிக்கான இடம் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். (யூனிகோடில் நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையே அதில் பெரும்பகுதியை நிரப்பிவிடும்.) கதை ஏழு காலங்களில் நிகழும் ஏழு தனிக்கதைகள்: ஆதிகாலம், சீனத்துத் தற்காப்புக்கலை ஆசான், எடோ கால நிஞ்ஜா, அமெரிக்க மேற்கு, நிகழ்காலம், அண்மை எதிர்காலம், தொலை எதிர்காலம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவைபோல் தோன்றும். எந்த வரிசையிலும் ஆடலாம். ஆனால் ஒவ்வொரு கதையின் இறுதி எதிரியையும் சந்திக்கும்போது ஒரே இசை எழுகிறது. ‘மெகலோமேனியா’ என்பது அதன் பெயர்.

முதல்முறை கேட்கும்போது அது வெறும் சண்டைப்பாட்டு. இரண்டாவது கதையில் ‘அட, அதே பாட்டு’ என்று நினைக்கிறோம். நினைவகச் சிக்கனம் என்றுகூடத் தோன்றும். மூன்றாவது, நான்காவது கதைகளில் உறுத்தத் தொடங்குகிறது. எதிரிகளின் பெயர்களுக்குள் ‘ஓடியோ’ என்ற ஒலி ஒளிந்திருப்பது பிறகுதான் புலப்படும். லத்தீனில் வெறுப்பைக் குறிக்கும் சொல்லின் சாயல். எட்டாவதாக இடைக்காலக் கதை திறந்து, இத்தனை காலங்களிலும் முளைத்த வெறுப்பின் வேர் எங்கே என்று கதை சொல்வதற்கு வெகுமுன்பே, இசை அதைச் சொல்லிவிட்டிருக்கிறது. கதைமாந்தர் எவருக்கும் தெரியாத உண்மை, எல்லாக் காலங்களையும் கடந்துவரும் ஆடுபவரின் காதுக்கு மட்டும் தெரியும். நாவலில் இதைச் செய்ய வேண்டுமானால் படிமத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுவர வேண்டும்; வாசகர் கவனிக்காமல் போகலாம். இங்கே கவனிக்காமல் இருக்க முடியாது, தோற்றுவிட்டால் மறுபடி மறுபடி கேட்டாக வேண்டும்!

இதைப் ‘பின்னணி இசை’ என்று அழைப்பவர்களிடம் கேட்கிறோம்: எது பின்னணி? கதையின் மையமே அதில்தானே இருக்கிறது? இந்த விளையாட்டு 2022இல் மறுவடிவம் பெறும்வரை ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக வெளியாகவே இல்லை என்பது தனிச்சோகம். 28 ஆண்டுகள்.

ஷிமோமுராவின் பிற்காலத்தை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, அதைத்தான் எல்லோரும் சொல்கிறார்களே. ‘சூப்பர் மாரியோ ஆர்பிஜி’ (1996), ‘பாரசைட் ஈவ்’ (1998), பிறகு டிஸ்னியின் பாத்திரங்களோடு ஸ்கொயர் உருவாக்கிய ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ (2002). அதை முடித்துவிட்டு மகப்பேறு விடுப்பில் சென்றவர் 2003 முதல் தனித்து இயங்கினார். 2006இல் வேறு பெயரில் அறிவிக்கப்பட்டு, பத்தாண்டு இழுபறிக்குப் பின் 2016இல் ‘ஃபைனல் ஃபேண்டஸி 15’ ஆக வெளிவந்த விளையாட்டின் இசையைக் கடைசிவரை கைவிடாமல் சுமந்தவரும் அவர்தான்.

2008இல் ‘டிரமாட்டிகா’ என்ற சேர்ந்திசைத் தொகுப்பு வந்தது. 2009இல் ஸ்டாக்ஹோமிலும் கொலோனிலும் அவர் இசை மேடையேறியது. 2021 ஜூலை 23 அன்று டோக்கியோ ஒலிம்பிக் தொடக்க விழாவில் நாடுகளின் அணிவகுப்புக்கு விளையாட்டு இசையைத் தேர்ந்தெடுத்தார்கள். ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ துண்டுகளும் அதில் ஒலித்தன. ஏணிக்கதைக்காரர்கள் உச்சிக்கொம்பில் கொடி நட்டுவிட்டார்கள்.

சேர்ந்திசையின்மீது எங்களுக்குப் பகையில்லை. இவற்றை அப்படிக் கேட்க வேண்டும் என்று ஷிமோமுராவே விரும்பியிருக்கிறார். ‘டிரமாட்டிகா’வின் துண்டுகளைத் தேர்ந்தவரும் அவர்தான். விரும்பட்டும், அது அவர் உரிமை. ஆனால் அதைப் ‘பதவி உயர்வு’ என்று அறிவிக்கிற விமர்சகருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? மேடையேறும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலாவது, வாத்தியங்களுக்கு அதைப் பிரித்து எழுதுவது பெரும்பாலும் இன்னொருவர்; ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ சேர்ந்திசைக்கு கவோரு வாடா, ‘டிரமாட்டிகா’வுக்கு நட்சுமி கமேயோக்கா. இருவரும் தேர்ந்தவர்களே. ஆயினும், ஒலியின் நிறத்தைத் தானே தேடிக் கண்ட சில்லுக் காலத்தில் இருந்த நெருக்கம் அங்கே பங்கிடப்படுகிறது. இரண்டாவது, முடிவில்லாமல் சுற்றுவதற்காக எழுதப்பட்டதற்கு ஒரு முடிவு ஒட்டவைக்கப்படுகிறது. முரசு அதிர, நடத்துநர் கையைத் தாழ்த்த, கைதட்டல். ‘மெகலோமேனியா’ மேடையில் கம்பீரமாகத்தான் ஒலிக்கும். ஏழு காலங்களும் அந்த உறுத்தலும் அங்கே வராது. கவிதையை உரைநடையில் அழகாகச் சொல்லிவிட்டு ‘இப்போதுதான் இது இலக்கியமானது’ என்பதுபோல இருக்கிறது இந்தக் கொண்டாட்டம்.

மரியாதை எப்போதும் வெளியிலிருந்து கடன் வாங்கப்படுகிறது என்பதுதான் எங்கள் கோபம். 1984இல் நாம்கோ விளையாட்டுகளின் ஒலிகளைத் தொகுத்து ‘வீடியோ கேம் மியூசிக்’ என்ற இசைத்தட்டு வந்தது, இவ்வகையில் முன்னோடியானது. தட்டின் முகமாக நின்ற பெயர், யெல்லோ மேஜிக் ஆர்க்கெஸ்ட்ரா புகழ் ஹருவோமி ஹொசொனோ. அந்த மெட்டுகளை எழுதிய யுரிகோ கேய்னோ போன்றோரின் பெயர் இன்றும் சேகரிப்பாளர் வட்டத்தைத் தாண்டவில்லை. ஹொசொனோ செய்தது நல்ல காரியம். அன்று ஒரு நட்சத்திரத்தின் நிழல் தேவைப்பட்டது. இன்று கச்சேரி அரங்கத்தின் நிழல் தேவைப்படுகிறது. அதே குழுவின் ரியூயிச்சி சாகாமோட்டோ, செகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கருவி (1998) இயங்கத் தொடங்கும்போது ஒலிக்கும் சில வினாடி இசையை அமைத்தார். அந்தச் சில வினாடிகளைப் பற்றி ஆர்வத்தோடு எழுதுபவர்கள், இத்துறையிலேயே முப்பதாண்டு உழைத்தவரைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘எந்திரத்தைத் தாண்டி வளர்ந்தார்’ என்பதேன்? சாகாமோட்டோ எந்திரத்துக்குள் இறங்கிவந்தால் பெருந்தன்மை, ஷிமோமுரா எந்திரத்திலேயே இருந்தால் வறுமையா?

ஷிமோமுரா தன்னை மிகச் சரியாக வெளிப்படுத்திய ஆக்கம் எது என்பதற்கு அவர் சொன்ன விடை ஒன்று இருக்கிறது. அது ஒலிம்பிக்கில் ஒலித்த ‘கிங்டம் ஹார்ட்ஸ்’ அல்ல. ‘லெஜண்ட் ஆஃப் மானா’, 1999ஆம் ஆண்டு, பிளேஸ்டேஷன் கருவிக்காக எழுதியது. ஊர் ஊராகச் சுற்றும் விளையாட்டு அது. ஆடுபவர் வரைபடத்தில் நிலத்தைத் தன் விருப்பப்படி ஒவ்வொன்றாகப் பதித்து உலகத்தை உண்டாக்குவார். ஒவ்வொரு நிலத்துக்கும் ஓர் இசை, எவ்வளவு நேரம் அங்கே நின்றாலும் அவ்வளவு நேரம் அது சுற்றிக்கொண்டிருக்கும்.